புலியும் வல்லூறும்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என நம்புகிறேன். இத்தனை மாத மௌனத்துக்கு நீ தரவிருக்கும் வசவுகளைப் பெற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொண்டு செய்திக்கு வருகிறேன். ஜாவாப் புலி கிடைத்துவிட்டது. இந்தோனேசியா 1974இல் வெளியிட்ட அதே 2000 ரூபியா வெள்ளி நாணயம்தான். மிருகக்காட்சிசாலை நுழைவுச்சீட்டு சேர்ப்பவன் என்று, அரசர் தலை பொறித்த காசுகளை மட்டுமே மதிக்கும் நம் நாணயச் சங்கத் தலைவர் இனியும் என்னைக் கேலி செய்யட்டும், எனக்குக் கவலையில்லை.

ஆனால் மகிழ்ச்சி ஓர் இரவுக்கு மேல் நீடிக்கவில்லை. உலக வனவிலங்கு நிதியமும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் பல நாடுகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய, இந்தக் காசும் இடம்பெற்ற நாணய வரிசையின் நோக்கம், அழியும் உயிர்களை நாணயத்தில் பொறித்து, விற்பனை வருவாயில் ஒரு பங்கை அவற்றின் பாதுகாப்புக்குத் தருவது. இந்தப் புலியோ, நாணயம் அச்சான காலத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்து, பின்னர் அழிந்த இனமாகவே பட்டியலிடப்பட்டுவிட்டது. அதே வரிசையில் தாய்லாந்தின் 2500 பாட் தங்க நாணயத்தில் இருக்கும் வெண்கண் ஆற்றுத் தகைவிலான் என்னும் பறவையின் கதை இன்னும் விசித்திரமானது: 1968இல்தான் அறிவியல் உலகம் அதை அறிந்தது, எங்கே கூடு கட்டுகிறது என்று கண்டறியப்படும் முன்பே அது கண்ணில் படாமல் போயிற்று.

"அப்படியானால் அந்தக் காசுகளால் என்ன பயன்?" என்று நீ கேட்பாய். அதே வரிசையில் வந்த மொரிஷியஸின் 1975ஆம் ஆண்டு 50 ரூபாய் வெள்ளி நாணயத்தை எடுத்துப் பார். அதில் உள்ள வல்லூறு, 1974இல் காட்டில் நான்கே நான்கு இருந்ததாக அறியப்பட்ட பறவை. காடழிப்பும் டிடிடி பூச்சிக்கொல்லியும் மனிதர் கொண்டுவந்த விலங்குகளும் அதை அந்த நிலைக்குத் தள்ளியிருந்தன. உயிரினப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸ் முதலானோர் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாப்பியில் பொரிக்க வைத்து, தாய்ப்பறவையை மறுபடி முட்டையிடச் செய்தும், காட்டில் விடப்பட்ட பறவைகளுக்கு இரை கொடுத்தும், அந்த இனத்தை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். காப்பாற்றியது உழைப்புதானே தவிர வெள்ளிக் காசு அல்ல; ஆனாலும் அந்த நாணயத்தைக் கூச்சமின்றிக் கையில் வைத்திருக்கலாம்.

கையில் என்றேனே, அங்குதான் எனக்கு இன்னொரு மனக்குறை. கண்ணாடிபோன்ற தளமும் பனிபடர்ந்தாற்போன்ற உருவமுமாகப் சேகரிப்போருக்கான புரூஃப் தரத்தில் அடித்து, விரல் ரேகை படக்கூடாதென்று காப்ஸ்யூல் எனும் பிளாஸ்டிக் கூட்டில் பூட்டிவிடுகிறோம். புலிகளைக் காக்கும் புலித் திட்டத்தின் பொன்விழாவுக்காக 2023இல் இந்தியா வெளியிட்ட 50 ரூபாய் நாணயமும் புழக்கத்துக்கு வரவில்லை. எந்த விழாவுக்காகவும் அடிக்கப்படாத அந்த எஃகு 25 காசுக் காண்டாமிருகமோ, 2011இல் செல்லாததாகும்வரை கோடிக்கணக்கான கைகளில் புரண்டது. அதை ஏற இறங்கப் பார்த்த குழந்தைகளின் எண்ணிக்கைக்கு என் புலி ஈடாகுமா? நீ இதை மறுப்பாய் என்று தெரியும். விரிவாகவே மறுத்து எழுது.

அதோடு, உன் பெட்டியில் இரட்டையாகக் கிடக்கும் மொரிஷியஸ் வல்லூறுகளில் ஒன்றை எனக்குத் தந்துவிடு. முகப்பில் எலிசபெத் ராணியின் தலை இருப்பதால் தலைவரும் இம்முறை வாய் திறக்கமாட்டார். பதிலுக்கு, நீ நெடுநாளாகக் கண்வைத்திருக்கும் நேபாளச் சிவப்புப் பாண்டாவை அனுப்புகிறேன். விளிம்பில் மெல்லிய கீறல் ஒன்று உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி