மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் பெரிய நிறுவனங்கள் கடையைக் கட்டிவிட்டன. அதோடு தொல்லை விட்டது என்று கல்லூரிகள் நினைத்தால் அது தவறு. டெலிகிராம் குழுக்களில் ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்பு) வரும், எந்த நிறம் விழும் என்று ஊகித்துப் பணம் கட்டும் கலர் கேமும், கிரிக்கெட் பந்தயத்துக்கு வாட்ஸ்அப்பில் வாங்கும் 'ஐடி' என்ற பந்தயக் கணக்கும் விடுதி அறைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கலர் கேமில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது ஒரு கணக்கு. 'தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் விட்டது எல்லாம் வந்துவிடும்' என்பார்கள். 100 ரூபாயில் தொடங்கி வரிசையாக ஏழு முறை தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும். எட்டாவது ஆட்டத்துக்கு 12,800 வேண்டும். அதில் ஜெயித்தாலும் மிஞ்சுவது 100தான். ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றும். நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று ராத்திரி ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 300 ஆட்டம். அதற்குள் அப்படி ஒரு வரிசை வராமல் போவதைவிட வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆட்டம் நேர்மையாக நடந்தாலே இந்தக் கதி.

முதலில் 300, 500 என்று எடுக்க விடுவார்கள். தொகை பெருத்ததும் 'முப்பது சதவீத வரியைக் கட்டினால்தான் பணம் வரும்' என்று செய்தி வரும். வருமான வரியை வென்ற தொகையிலிருந்து பிடித்துக்கொள்வதுதான் முறை. தனியாகக் கட்டச் சொன்னால் அது மோசடி, மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

பணம் தீர்ந்தவனிடம் அடுத்து வருவது வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கும் ஆள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் சில ஆயிரம் கிடைக்கும். அந்தக் கணக்கில் யாரோ ஏமாந்த பணம் வந்து போகும். புகார் வந்ததும் கணக்கு முடக்கப்படும், காவல்துறை தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். சூதாட்டக் கடனைவிட எங்களுக்குப் பெரிய பயம் இதுதான்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விஷயம் தெரிந்ததும் நகையை அடகு வைத்து எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். முதல் தடவை பிள்ளை சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத்தொகையாக இருக்காது. அவமானத்தில் பாதியை மறைப்பான். மறைத்த மீதியை யாருக்கும் தெரியாமல் அடைக்கத்தான் மறுபடி ஆடப் போகிறான். முன்கடன் தீர்ந்ததால் நண்பர்களும் கடன் ஆப்களும் திரும்பவும் தாராளமாகக் கொடுப்பார்கள்.

கடனை அடைக்கும் முன் அவனோடு உட்கார்ந்து ஆறு மாத வங்கி அறிக்கையைப் பாருங்கள். இரவு 11.40க்கு 500, 11.52க்கு 500, 12.10க்கு 1,000, 12.31க்கு 2,000, ஒவ்வொன்றும் வேறு வேறு பெயருக்குப் போயிருந்தால் அது டீக்கடைச் செலவு அல்ல. யாருக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதட்டும். கடன் ஆப்களைத் தனியாகப் பிரித்து, பின்னால் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு நிறுவனம் இல்லாமல், பிள்ளையின் படத்தை மார்பிங் செய்வோம் என்று மிரட்டினால் அந்தச் செய்திகளை அழிக்காமல் புகார் கொடுங்கள். நண்பர்களின் கடனை மாதத் தவணையாக, நீங்களே நேரில் கொடுங்கள். யுபிஐ தினசரி வரம்பை வங்கி ஆப்பில் ஆயிரத்துக்குள் குறைக்கலாம். கட்டணத்தைப் பிள்ளை கையில் தராமல் கல்லூரிக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். திட்டுவதற்கு இன்னொரு நாள் கிடைக்கும்.

கல்லூரிகள் உறுதிமொழி வாசிக்க வைத்துப் படம் எடுப்பதோடு நிற்கின்றன. மாட்டினால் டிசி என்ற மிரட்டல் இருக்கும்வரை எந்த மாணவனும் வாய் திறக்க மாட்டான். தேர்வுக் கட்டணத்தை ஆட்டத்தில் விட்டவன் தானாக வந்து சொன்னால் தண்டனை கிடையாது, கட்ட அவகாசம் உண்டு என்று துறைத்தலைவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இரவு பகலாகத் தமிழிலும் பேசும். அதை விடுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஆட்டம் நடக்கும் நேரத்தில் அலுவலக நோட்டீஸ் போர்டை யாரும் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
மாணவர் ஆலோசனைப் பணியில் உள்ள ஆசிரியர்கள்,
திருச்சிராப்பள்ளி.