வெடிச் சத்தம் கேட்காத கண்மாய்க்கரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தையும் கேம்பல் லேன் சந்தைக் கூட்டத்தையும் பற்றி நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிங்கப்பூரில் 1972லேயே வெடிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அங்கே போன புதிதில் "வெடி இல்லாமல் என்னடா தீபாவளி" என்று புலம்பியவன் நீ. உன் பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரியவில்லை என்கிறாய். இந்தத் தீபாவளி முழுக்க என் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின ராத்திரி மதுரைக்குப் போனோம். விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி எங்கும் நடைபாதைக் கடைகள், விடிய விடிய வியாபாரம். போனஸ் தாமதமாகக் கைக்கு வந்தவர்களும், நேரம் ஆக ஆக விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களும் நள்ளிரவுக்கு மேல்தான் வருகிறார்கள். ஒருவர் தூங்கி விழுகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டே பாவாடையை அவள் காலோடு வைத்து அளவு பார்த்தார். கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார் கடைக்கார அம்மா. எனக்குத் தீபாவளி அந்த வீதியில்தான் தொடங்குகிறது.

காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி எல்லாம் வழக்கம்போல. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனேன். சிவகங்கை மாவட்டத்து நம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருந்தும் படிக்கிற காலத்தில் நாம் எட்டிப் பார்த்ததில்லை. 1977ல் அறிவித்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா எல்லாம் வந்து கூடு கட்டும். சத்தம் கேட்டால் தாய்ப்பறவை பதறிப் பறக்கும், குஞ்சு கீழே விழும். அதனால் ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக வெடி போடுவதில்லை. தீபாவளிக்கு மட்டுமில்லை, கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் அப்படித்தான். வனத்துறை வருஷா வருஷம் இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. எந்தக் கோர்ட்டும் சொல்லாமல் ஓர் ஊரே கூடி எடுத்த முடிவு, மாப்ள. நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. பெரிசுகள் விட்டுக்கொடுப்பது சரி, புதுச்சட்டை போட்ட சின்னப் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்கிறார்களே!

அதற்காக எல்லா ஊரிலும் பட்டாசையே நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது. அத்தை மகள் சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். 2018ல் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பட்டாசில் சேர்க்கிற பேரியம் உப்பையும் தடை செய்த பிறகு வேலை நாள் குறைந்துபோனதாகச் சொன்னாள். விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அவளுக்கோ வேலை இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அந்த வீட்டு அடுப்பை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. நாங்கள் இப்போது அணுகுண்டு, லட்சுமி வெடி வாங்குவதில்லை. அந்தக் காசுக்குப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் கம்பி மத்தாப்பும் வாங்குகிறோம். சிவகாசிக்குப் போகிற பணம் குறையவில்லை, பக்கத்து வீட்டுத் தாத்தாவும் காதைப் பொத்துவதில்லை.

அப்புறம், அம்மா உனக்கென்று அதிரசம் எடுத்து வைத்திருக்கிறாள், சிங்கப்பூர் போகிற யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வரப் பார். கண்மாயில் தண்ணீர் நின்றால் பறவைகள் அப்போதும் இருக்கும். டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
உன் சேக்காளி