கோட் இல்லாத மெஷினை நம்பாதே, மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன், நடுவே மேலூர் பக்கம் ஒரு கிரஷரில் மெஷின் படுத்துக்கொண்டது, இரண்டு ராத்திரி அங்கேயே. இப்போது அம்மா பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நீ ஓசூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பழைய 20 டன் பொக்லைன் ஒன்றை எடுத்து வாடகைக்கு விடப்போகிறாய் என்று படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. புதூர் ஐடிஐயில் நாசில் டெஸ்டரைக் கண்டாலே பின் பெஞ்சுக்கு ஓடியவன் நீ. சரி, இறங்குவது என்று முடிவு செய்துவிட்டாய், நான் தடுக்கவில்லை. ஹவர் மீட்டர் 6,200 என்கிறாய், பெயிண்ட் புதுசு என்கிறாய், "ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், ஒரு கோட்கூட இல்லை" என்கிறாய். அந்தக் கடைசி வரிதான் எனக்கு இடிக்கிறது.

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசிஎம். ஃபால்ட் வந்தால் அதற்கு ஒரு எண், அதாவது கோட், போட்டு இரண்டு பட்டியலாக வைத்திருக்கும். இப்போது இருக்கும் ஃபால்ட் ஒன்றில், முன்னால் வந்து போனது இன்னொன்றில், எத்தனை தடவை வந்தது என்ற கணக்கோடு. ஆறாயிரம் மணி நேரம் கல் தூசியில் ஓடிய இன்ஜினில் இரண்டாவது பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்றால், விற்கிறவர் உனக்காகத் துடைத்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள். அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒரு மணி நேரம் நல்ல லோடில் ஓட்டச் சொல்லிவிட்டுத் திரும்பப் படி, அழித்ததில் பாதி தானாக வந்துவிடும். அப்படியே ஈசிஎம்மில் பதிவாகியிருக்கும் இன்ஜின் மணியையும் டிஸ்பிளேயில் காட்டும் மணியையும் ஒப்பிட்டுப் பார். டிஸ்பிளேயைக் கழற்றி வேறு மாட்டினால் வெளியே மணி குறையும், உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போ. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட், டீசல், உள்ளே இழுக்கும் காற்று, இந்த மூன்றின் சூட்டையும் படி. ராத்திரி முழுக்க நின்ற மெஷினில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், நம் ஊரில் விடியற்காலை 26, 28 டிகிரி என்று வை. மைனஸ் 40 காட்டினால் அந்த சென்சார் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. ஆயில் பிரஷர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், இன்ஜின் நிற்கும்போதே பிரஷர் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் ஒரு மெஷினில் காலை ஆறு மணிக்குக் கையை வைத்தால் பிளாக் ஜில்லென்று இருக்கிறது, ஸ்கேனரில் கூலன்ட் 82 டிகிரி! வயரைப் பிடித்துக்கொண்டே போனால், சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி டேப் சுற்றியிருக்கிறான் ஒரு புண்ணியவான். இன்ஜின் எவ்வளவு கொதித்தாலும் ஈசிஎம்முக்கு எப்போதும் 82தான்.

கோட் வந்தால் எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தாய். ஜே1939 என்பது கனரக வண்டிகளுக்கான பொது முறை, அதில் இரண்டு எண் வரும். முதல் எண் எஸ்பிஎன், எந்த இடம் என்று சொல்லும். 100 என்றால் ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 157 ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம். இரண்டாவது எஃப்எம்ஐ, என்ன கோளாறு என்று. கோமட்சு கம்பெனி மெஷினில் சிஏ என்று ஆரம்பிக்கும் வேறு எண் வரும், அதற்குத் தனிப் புத்தகம். நம் ஆட்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு சென்சார் வாங்க ஓடுகிறார்கள். எல்லாம் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. 3 என்றால் வோல்ட் கூடுதல், 4 என்றால் குறைவு. இரண்டுமே வயர், கனெக்டர், சென்சார் சமாச்சாரம். 110-4 வந்தால் கூலன்ட் சென்சார் கனெக்டரைக் கழற்று. கோட் 3 ஆக மாறினால் வயர் நல்லது, சென்சார்தான் போச்சு. கழற்றிய பிறகும் 4 ஆகவே நின்றால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது, புது சென்சார் வாங்கினால் காசு தண்டம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒத்தக்கடையில் நடந்ததைக் கேள். மெஷினை வாட்டர் சர்வீஸ் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து எல்லாம் ஆயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர், ரெயில் பிரஷர், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட், மூன்றுக்கும் ஒரே நேரத்தில் 4, கூடவே 3509 என்று ஒரு கோட், இன்ஜினில் இழுவையே இல்லை. வந்த மெக்கானிக் ஆயில் சென்சாரை மாற்றினார், அப்புறம் ரெயில் சென்சாரை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. அவர் பார்க்காமல் விட்டது அந்த 3509தான், அது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையின் எண். மூன்று சென்சார் ஒரே சமயத்தில் சாகுமா மாப்ள? அந்த மெஷினில் மூன்றுக்கும் ஒரே லைன். மீட்டர் வைத்தால் 5 இருக்க வேண்டிய இடத்தில் 1.8. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வந்தேன். பூஸ்ட் சென்சாரைக் கழற்றியதும் 5 வந்து நின்றது. சென்சாருக்குள் தண்ணீர் இறங்கி ஷார்ட். அன்று ஓனர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்தத் தலைக்கனம்தான் மாசியில் என்னைக் கவிழ்த்தது. வாடிப்பட்டியிலிருந்து ஒரு ஆப்பரேட்டர் போன், "அண்ணே, ஆயில் பிரஷர் 100னு வருது." இரண்டாவது எண்ணைக் கேட்காமலே, "சென்சாராத்தான் இருக்கும், ஓட்டு, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் போக முடியவில்லை. மறுநாள் மதியம் இன்ஜின் தட்ட ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்தால் கோட் 100-1. 1 என்றால் சிக்னலில் குறையில்லை, பிரஷர் நிஜமாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது, டீசல் வாடை. இன்ஜெக்டர் பக்கம் கசிந்து ஆயிலில் டீசல் கலந்து நீர்த்துப்போய், பேரிங் தேய்ந்து கிராங்க்கில் கோடு விழுந்துவிட்டது. பத்து நிமிஷம் ஒதுக்கி மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், உன் தங்கச்சிக்கு இன்னும் முழுத் தொகை தெரியாது, நீயும் வாயைத் திறக்காதே.

அதனால் அந்த மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் மீட்டர், கேஜ் எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறேன், ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் நில். வருகிறோம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவைக்காதே, சொன்னால் நாம் போவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள்.

உன்,
பக்கத்து பெஞ்ச்