முதலில் கேட்டவன் யோவாப்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. வேலை போன விஷயத்தை மருமகள் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மூத்தவன் நான், அவனிடம் போய் எப்படி நிற்பது என்று நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

வேதத்தில் இரண்டாம் சாமுவேல் 10-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஞாயிறு பள்ளியில் கோலியாத்தோடு நிறுத்திவிடுவார்கள், இந்தப் போரைச் சொல்லித்தருவதில்லை. அம்மோனியரின் ராஜா நாகாஸ் இறந்தபோது துக்கம் விசாரிக்க இஸ்ரவேலின் ராஜா தாவீது ஆட்களை அனுப்பினான். புது ராஜா ஆனூன் அவர்களை வேவுகாரர் என்று நம்பி, பாதித் தாடியைச் சிரைத்து, உடுப்பை இடுப்புக்குக் கீழே இல்லாதபடி வெட்டித் துரத்திவிட்டான். தாடி வளரும்வரை எரிகோவிலேயே இருந்துவிட்டு வாருங்கள் என்று தாவீது சொல்லி அனுப்பினான். வெட்கப்பட்டு நிற்பவர்களை ஊர் பார்க்க வரவழைக்கவில்லை. அந்த வசனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அம்மோனியருக்குப் பயம் வந்துவிட்டது. சீரியரில் 20,000 காலாட்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். மாக்காவின் ராஜா 1,000 பேரோடு வந்தான், தோபிலிருந்து 12,000 பேர். அம்மோனியர் பட்டண வாசலில், கூலிப்படை எதிர்ப்பக்கம் வெட்டவெளியில். நடுவில் தாவீதின் சேனாபதி யோவாப், முன்னும் பின்னும் எதிரி. திறமையானவர்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவன் சீரியருக்கு எதிரே நின்றான். மிச்சப் பேரைச் சகோதரன் அபிசாயிடம் கொடுத்து அம்மோனியரைப் பார்க்கச் சொன்னான்.

பிரியும் முன் சொன்னதைப் பார். சீரியர் கை ஓங்கினால் நீ எனக்குத் துணைக்கு வா, அம்மோனியர் கை ஓங்கினால் நான் உனக்கு வருகிறேன். தனக்கு உதவி கேட்டதுதான் முதலில்! நல்ல வீரர்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டவன், மிச்சத்தோடு நிற்பவனிடம் கேட்கிறான். தம்பிக்கு என்ன சம்பளம், அவன் என்ன செய்துவிட முடியும் என்று நீ கணக்குப் போடுவாயே, அதற்குத்தான் சொல்கிறேன். (இருவரில் யார் அண்ணன் என்று வாதத்துக்கு வராதே. சாமுவேலில் யோவாப் பெயர் முன்னால் வருகிறது, நாளாகமத்தில் அபிசாய் பெயர். யோவாப் சேனாபதி, அது போதும்.)

ஜெபம் பண்ணுகிறேன் அம்மா என்று போனில் சொன்னாய். சரி, நானும் பண்ணுகிறேன். ஆனால் யோவாப் கர்த்தரைச் சொன்னது படையைப் பிரித்து, துணைக்கும் பேசி முடித்த பிறகு. தைரியமாயிரு, நம் ஜனத்துக்காகவும் நம் தேவனுடைய பட்டணங்களுக்காகவும் நிற்போம், கர்த்தர் தமக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்யட்டும் என்றான். ஜெயிப்போம் என்று ஒரு வார்த்தை இல்லை.

யோவாபை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. சவுலின் சேனாபதியாயிருந்த அப்னேரைத் தந்திரமாகக் கூப்பிட்டுக் குத்தியவன். அடுத்த அதிகாரத்திலேயே, இதே அம்மோனியரின் ரப்பாவில் (இப்போது யோர்தானின் தலைநகர் அம்மான்) தாவீது ராஜாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் படைவீரன் உரியாவைச் சாகும் இடத்தில் நிறுத்தினான். துணைக்கு வருகிறேன் என்று சொன்ன அதே ஆள். ஆனாலும் அன்றைக்குப் பேசினது சரியான பேச்சு.

கடைசியில் ஒருவர் உதவிக்கு ஒருவர் போகவே வேண்டியிருக்கவில்லை. சீரியர் ஓடினார்கள், அதைப் பார்த்து அம்மோனியரும் பட்டணத்துக்குள் ஓடினார்கள். அதனால் கேட்டது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. முதுகுப் பக்கத்தைப் பற்றிய கவலை இல்லாமல் இருவரும் முன்னால் பார்த்து நின்றார்கள்.

தம்பியிடம் பணம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், முதலில் அதை விசாரி. ஞாயிறு ஆராதனை முடிந்து 11 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீயே கூப்பிடு.

அன்புடன்,
அம்மா