அகரமும் கரடியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. நெட்வொர்க் பாதுகாப்புக் குழுவுக்கு மாறியதிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. லைனில் வரும் தரவுத் துண்டுகளில், அதாவது பாக்கெட்டுகளில், தாக்குதலின் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை; எந்தெந்தச் சொற்கள், நிபந்தனைகள் இருந்தால் தாக்குதல் என்று சொல்வதுதான் ரூல். "ஆயிரக்கணக்கான ரூல்களை ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒப்பிட்டால் லைன் படுத்துவிடாதா?" என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே இல்லையாம். நூல் பட்டியல்களில் தேடுவதற்காக 1975-இல் ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் வெளியிட்ட வழிதான் இன்றைக்கும் ஓடுகிறது. தேடவேண்டிய சொற்கள் எல்லாவற்றையும் ஒரே மரமாகக் கட்டிவிடுகிறோம். 'அகரம்', 'கரடி' இரண்டையும் தேடுகிறோம் என்று வைத்துக்கொள். வருவதோ 'அகரடி'. அ, க, ர வரை சரி. 'ம்' வரவேண்டிய இடத்தில் 'டி' வந்து நிற்கிறது. பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டாம். கையிலிருக்கும் 'அகர'வின் வாலான 'கர'தானே 'கரடி'யின் தலை? அந்தக் கிளைக்குத் தாவினால் அதே 'டி'யில் கரடி சிக்கிவிடும். ரூல் பத்தோ பத்தாயிரமோ, ஒரே ஓட்டம்தான். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இடிப்பது மெமரியில். மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு நிலை. ஒரு நிலையிலிருந்து 256 பைட்டுகளில் எது வந்தாலும் எங்கே போவது என்று அட்டவணை வேண்டும். இடத்துக்கு 4 பைட் என்றால் நிலைக்கு 1 கேபி. ஒரு லட்சம் நிலை வந்தால் சுமார் 100 எம்பி. பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகமான கேஷில் அது எங்கே அடங்கும்? 10 கிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டுகளாகவே வந்தால், ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ செகண்ட். ராமுக்கு ஒருமுறை போய்வரவே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும்.

அதனால் ஸ்நார்ட் மாதிரியான ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள் ரூலுக்கு ஒரு சொல்லை மட்டும் மரத்தில் வைக்கின்றன. அது சிக்கினால்தான் முழு ரூலையும் சரிபார்க்கும். நான் கெடுத்தது இங்கேதான். முதல் ரூலில், பெரும்பாலான வலைக் கோரிக்கைகளில் வருகிற மூன்றெழுத்துச் சொல்லைக் கொடுத்துவைத்தேன். சல்லடையில் பெரிய ஓட்டை! வந்த பாக்கெட் எல்லாம் முழுச் சோதனைக்குப் போய், பாதி கைவிடப்பட்டது. அரிதான, நீளமான சொல்லாக மாற்றியபிறகுதான் நிமிர்ந்தது.

அப்புறம், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தாயா, இல்லை இன்னும் தள்ளிப்போடுகிறாயா? எழுது.

அன்புடன்,
மணி