நாலு குழாய் ரத்தம் கொடுத்தோம், என்ன கண்டீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள்

புதுச்சேரியில் என் தம்பியிடம் ரத்தம் வாங்கிக்கொண்ட மூட்டுநோய் ஆராய்ச்சிக் குழுவினருக்கும், அதற்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு ஏ.எஸ்., அதாவது முதுகெலும்பை இறுக்கிவிடும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற மூட்டுநோய். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களின் ஏற்பிகளைப் பார்க்கிற ஆராய்ச்சிக்காக அவனிடம் ரத்தம் வாங்கினீர்கள். போன திங்கட்கிழமை ரிவியூவுக்கு வந்தபோது அதைப் பற்றிக் கேட்டோம். "அந்த ஸ்டடி எப்பவோ முடிஞ்சிருச்சும்மா, மேடமும் மாறிப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

ரத்தம் கொடுக்க எட்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தீர்கள். ஏ.எஸ். நோயாளிக்குக் காலை நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு மூன்றரைக்கே தம்பியை எழுப்பினேன். கட்டிலில் ஒருக்களித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கையை ஏற்றி ஏற்றித்தான் அவன் எழுந்து உட்காருவான். அந்த ஜன்னலில் மூன்று கம்பிகளில் மட்டும் பச்சை பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி, முதுகு கொஞ்சம் இளக ஒன்றரை மணி நேரம் ஆனது. பஸ்ஸில் சீட் இருந்தும் உட்காரவில்லை, குலுங்கினால் இடுப்பில் உயிர் போகும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழி முழுக்க நின்றுகொண்டே வந்து நாலு குழாய் ரத்தம் கொடுத்தான். அவனுக்கு வயது 27.

நீட்டிய படிவம் நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஐ.டி.ஐ. படித்த பிள்ளை, "எல்லாருக்கும் நல்லது தம்பி" என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டான். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. நெறிமுறைக் குழுவினரே, இதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லும்படி ஆனதுதான் வருத்தமாக இருக்கிறது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள். அதனால் வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தைப் படித்து, டி செல் ஏற்பி என்றால் என்ன என்று அவனுக்கு நானே சொன்னேன். பெரும்பாலான டி செல்களின் மேல் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு புரதச் சங்கிலி சேர்ந்த ஏற்பி இருக்கிறது, எதிரி யார் என்று அடையாளம் காண்பது அதுதான், மரபணுத் துண்டுகள் மாறி மாறிக் கோத்துக்கொள்வதால் ஒன்றைப் போல ஒன்று இருப்பது அபூர்வம். நம் உடம்பையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றைத் தைமஸ் சுரப்பி கழித்துவிடும், தப்பி வருகிற சில நம் முதுகெலும்பையே எதிரியாக நினைத்துக்கொள்ளும். 2022-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், இந்த நோயோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வகை உள்ள ஏ.எஸ். நோயாளிகளின் மூட்டு நீரிலும், கண் அழற்சி வந்தவர்களின் கண்ணுக்குள் இருக்கும் நீரிலும் ஒரே சாயலில் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். கிருமியின் புரதத் துண்டையும் நம் உடம்பின் புரதத் துண்டையும் அந்த ஏற்பி ஒன்றுபோலவே பிடித்துக்கொள்கிறது. அந்த வகை ஏற்பியுள்ள செல்களை மட்டும் குறிவைத்து அழிக்கிற மருந்துக்கு 2024-ல் ரஷ்யாவில் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் தம்பி, "அப்போ என் ரத்தத்துலயும் அது இருக்காக்கா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் உங்களிடம் இருக்கிறது.

பி27-லேயே எத்தனையோ உள்வகை. ஐரோப்பாவில் அதிகம் 27:05. தென்கிழக்கு ஆசியாவில் காணப்படும் 27:06-க்கு இந்த நோயோடு அவ்வளவு தொடர்பில்லை. அப்படியிருக்க, நம் ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தால்தானே நமக்கு என்னவென்று தெரியும்? அதனால்தான் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். என்ன கண்டீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு எல்லாமே இப்படித்தான். ஸ்கேன் ரிப்போர்ட் ஆங்கிலத்தில், மாத்திரை அட்டை ஆங்கிலத்தில், இன்சூரன்ஸ் படிவம் ஆங்கிலத்தில். இடுப்பு வலி என்று போனால் ஆறு வருஷம் வெறும் வலி மாத்திரை, அதற்கும் யாரிடமிருந்தும் ஒரு விளக்கமும் கிடையாது. உடம்பு எங்களுடையது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் எங்களுக்குப் புரியாத மொழியில் எங்கள் தலைக்கு மேலேயே நடக்கிறது.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகலாக உழைக்கிறீர்கள், நோயாளிக் கூட்டம் எவ்வளவு என்று நானே பார்த்திருக்கிறேன். தனி ஆளுக்கு ரிசல்ட் தர மாட்டோம் என்று படிவத்தில் போட்டிருக்கிறது, சரி. மொத்தத்தில் என்ன தெரிந்தது, ஒன்றுமே தெரியவில்லையா, மிச்ச ரத்தம் எங்கே இருக்கிறது, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் தயவுசெய்து அனுப்புங்கள்.

அடுத்த மாதம் மறுபடி ரிவியூவுக்கு வருவோம். இன்னும் ரத்தம் வேண்டுமென்றாலும் தருவதாக அவனே சொல்லச் சொன்னான். நேரத்தை மட்டும் பத்து மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
மஞ்சக்குப்பம், கடலூர்