எடை குறைப்பு அறுவை: தாளில் எழுதாத மாத்திரைக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கான விளம்பரப் பலகைகள் திருச்சியின் முக்கியச் சாலைகளில் பெருகிவரும் வேளையில், அச்சிகிச்சையை நான்காண்டுகளுக்கு முன் செய்துகொண்டவன் என்ற முறையில், அப்பலகைகளில் இடம்பெறாத ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அப்போது என் எடை 128 கிலோ. கட்டுக்கடங்காத சர்க்கரையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையும் இருந்தன. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றிவிட்டு, எஞ்சியதைக் குறுகிய குழாய்போல் ஆக்கும் 'ஸ்லீவ்' அறுவை, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடாதிருக்க அன்று மாலையே நடக்க வைத்தார்கள். நான்காம் நாள் வீடு திரும்பினேன். இன்று 86 கிலோ. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. ஆகவே சிகிச்சையின் மீது எனக்குக் குறையில்லை. இதைச் சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று கல்யாணப் பந்திகளில் கேலி செய்கிற உறவினர் உண்டு. முதலில் வெறும் நீராகாரம், பிறகு மசித்த உணவு என்று வாரங்களைக் கடத்தி, அதன்பின் ஒற்றை இட்லியை அரை மணி நேரம் மென்று, சாப்பாட்டுக்கு நடுவே ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் அவர்கள் இருந்து பார்க்கட்டும்.

என் குறை வேறு. மருத்துவமனை கொடுத்தனுப்பிய ஆங்கிலத் தாளில், வைட்டமின் மாத்திரையைத் தொடருமாறு ஒரு வரி இருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்று அதில் இல்லை, நானும் கேட்கவில்லை. உடம்பு இலேசான மகிழ்ச்சியில் ஓராண்டிலேயே நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு பாதங்கள் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கும் நிலை வந்தபோது, அது பழைய சர்க்கரையின் வேலை என்று நானே முடிவு கட்டினேன். பரிசோதித்ததில் பி12 மிகக் குறைந்திருந்தது. அந்த வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதற்கு வேண்டிய புரதம் இரைப்பைச் சுவரில்தான் சுரக்கிறது என்பதும், கல்லீரலில் உள்ள இருப்பு தீரும்வரை பற்றாக்குறை வெளியே தெரியாது என்பதும், மாத்திரையோ ஊசியோ ஆயுள் முழுவதும் வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கின. என்னைப் போன்ற சைவ உணவினருக்கும், மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகமாம். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது தேவை என்பதைக்கூட, கொத்துக் கொத்தாக முடி கொட்டிய பிறகே அறிந்தேன். ரசம் சாதத்தில் அது கிடைக்காது.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான இணைநோய்கள் சேர்ந்தாலோ இவ்வறுவைக்குக் காப்பீடு கிடைக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழிசெய்தன. ஆனால் பின்னர் ஆண்டுதோறும் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் என் பாலிசியில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கில் அறுவைக்குக் கொடுத்துவிட்டுச் சில ஆயிரங்களில் கைவிரிப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே, எந்தெந்த மாத்திரை, எத்தனை காலம், எப்போது பரிசோதனை என்பதைத் தமிழில் எழுதி நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தருவதை மக்கள் நல்வாழ்வுத் துறை கட்டாயமாக்க வேண்டும். மருத்துவமனைகளும் முதல் இரண்டு ஆண்டுகளாவது, பரிசோதனைக்கு வராதவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு என்னை எவரும் அழைக்கவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.